முறைப்பாடு எந்த மொழியில் வரும்?

செயலி செய்கிற எங்கட ஆக்களிடம் ஒரு கேள்வி. உங்கட பாவனையாளர் ஒருவருக்குப் பிரச்சினை வந்தால், அதை அவர் எங்கே, எந்த மொழியில் சொல்லுவார்? வடிவமைப்புக்கு மாதக்கணக்கில் மினக்கெடுகிறவர்களும் இந்தக் கேள்விக்குக் கடைசி நாளில்தான் வருகிறார்கள். மின்னஞ்சல் முகவரி ஒன்றைப் போடுவார்கள். காசு இருந்தால் ஸென்டெஸ்க், ஃபிரெஷ்டெஸ்க் என்று பெயர்பெற்ற ஏதாவதொன்றை எடுப்பார்கள். அதோடு விஷயம் முடிஞ்சுது.

அவை கூடாத கருவிகள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஃபிரெஷ்டெஸ்க் 2010இல் சென்னையில் தொடங்கியது. வருகிற ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் இலக்கம் விழும், யார் பொறுப்பு என்று தெரியும், எது தேங்கிக் கிடக்கிறது என்பதும் தெரியும். பத்துப் பேர் இருந்து பதில் சொல்லுகிற இடத்துக்கு அது தேவை. ஆனால் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று டொலரில். மூன்று பேர் சேர்ந்து செய்கிற செயலிக்குப் பகிர்ந்து பாவிக்கிற கூகுள் ஷீட் ஒன்றே போதும்.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறு: எந்தக் கருவிக்கு யாருடைய குரல் கேட்கும்? ஃபயர்பேஸ் கிராஷ்லிட்டிக்ஸ் இலவசம். செயலி திடீரென்று நின்றால் எந்த ஃபோன், எந்த அன்ட்ரொய்ட் என்று தானே பதிந்துவிடும். ஆனால் ஒரு பொத்தானில் இருக்கிற சொல் விளங்காமல் ஒருவர் திகைத்து நிற்பது அதுக்குத் தெரியாது. கூகுள் பிளேயில் விமர்சனம் எழுதுகிறவருக்கு 350 எழுத்துருக்களுக்குள் பதில் எழுதலாம். 'திருத்திவிட்டோம்' என்று சொல்ல அது காணும். என்ன நடந்தது என்று விசாரிக்கக் காணாது. மின்னஞ்சல், எழுதிப் பழகினவர்களுக்கு.

மிச்ச ஆக்கள்? தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்புத் திருத்தம் வந்தது 1987இல். இன்றைக்கும் பொத்தானைத் தமிழில் வைத்துவிட்டு, 'உதவி' என்பதை அழுத்தினால் ஆங்கிலப் படிவத்தைத் திறக்கிற செயலிகள் இருக்கின்றன. அந்தப் படிவத்தைக் கண்ட அம்மம்மா முறைப்பாடு எழுதப்போவதில்லை. பேசாமல் செயலியை அழிச்சுப்போட்டு இருப்பா. உங்கட கணக்கில் அது 'முறைப்பாடு எதுவும் இல்லை' என்று விழும்.

அதனால் சிறிய குழுக்களுக்கு நாங்கள் சொல்லுவது வட்ஸ்அப் பிஸ்னஸ். குரல்பதிவு அனுப்ப எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை. நடுச்சாமத்திலும் செய்தி வரும், அரட்டைக்குள்ளே முறைப்பாடு தொலையும் என்பது உண்மைதான். சொந்த இலக்கத்தைக் கொடுக்காமல் தனி இலக்கம் எடுங்கோ. பதில் சொல்லுகிற நேரத்தைத் தானியங்கிச் செய்தியாகப் போடுங்கோ. வந்ததை அன்றன்றே ஷீட்டில், சொன்னவருடைய சொல்லிலேயே பதியுங்கோ. பெயரும் இலக்கமும் அதில் வேண்டாம்.

எந்தக் கருவியை எடுக்க முதலும் ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் வயதில் மூத்த ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்து, "இதில ஒரு குறை சொல்லுங்கோ பாப்பம்" என்று கேளுங்கோ. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவரால் முடியாவிட்டால், அந்தக் கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.