நகல் ஏன் நகர மறுக்கிறது?



குடும்பத்தின் நினைவுகள் ஒரு காலத்தில் தடித்த அட்டையிட்ட ஆல்பங்களிலும் பீரோவின் அடித்தட்டிலும் இருந்தன. இன்று அவை கணிப்பொறிக்குள் கோப்புகளாகக் குடியேறிவிட்டன. பிள்ளையின் திருமுழுக்கு நாளில் எடுத்த படங்கள், மறைந்த பாட்டனாரின் குரல், மூத்த மகளின் திருமண வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் நகல் ஆகிய யாவும் ஒரே பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றை ஒரு பென் டிரைவிலோ வேறொரு டிஸ்க்கிலோ நகல் எடுத்து வைக்க வேண்டும் என்னும் நல்லெண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. ஆனால், வேலை தொடங்கியதும் திரையில் தோன்றும் பச்சைக் கோடு நத்தையினும் மெதுவாக ஊர்கிறது. முதலில் "இன்னும் 3 நிமிடம்" என்கிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் "இன்னும் 2 மணி நேரம்" என்கிறது. பொறுமையிழந்தவர் பென் டிரைவைப் பிடுங்கிவிடுகிறார். பாதி எழுதப்பட்ட கோப்பு திறக்க மறுக்கிறது. அசலையும் அதற்குள் அழித்திருந்தால், போனது போனதுதான்.

கணிப்பொறி பழையதாகிவிட்டது, அதனால்தான் தாமதம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். கடைக்காரரும் அதை மறுக்கமாட்டார். புதிய பொறி விற்றால் அவருக்கு நன்மைதானே! உண்மைக் காரணங்களோ பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளன.

4 ஜிகாபைட் அளவுள்ள ஒரே வீடியோவை நகல் எடுப்பதும், அதே அளவுக்குத் திரண்ட 40,000 சிறு கோப்புகளை நகல் எடுப்பதும் ஒன்றல்ல. ஒரு மூட்டை நெல்லைத் தூக்கி வண்டியில் வைப்பது ஒரு வேலை. அதே நெல்லைப் படி படியாக அளந்து, ஒவ்வொரு படிக்கும் பேரேட்டில் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டு ஏற்றுவது வேறு வேலை. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் பெயர், அளவு, உருவான நாள், திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு என்பன போன்ற விவரங்களைக் கணிப்பொறி தன் அட்டவணையில் புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும். விண்டோஸ் கையாளும் என்.டி.எஃப்.எஸ். முறையில் கோப்பு ஒன்றுக்கு வழக்கமாக 1,024 பைட் அளவுள்ள பதிவு உண்டு. கோப்பினுள் இரண்டே வரிகள் இருப்பினும் இப்பதிவு தவறாது. இதற்கு மேல், வைரஸ் தடுப்பு நிரல் வாயிற்காவலரைப் போல் நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே உள்ளே விடுகிறது. வேகம் வேண்டும் என்பதற்காக அந்தக் காவலரை வீட்டுக்கு அனுப்பிவிடுமாறு சிலர் யோசனை கூறுவர். ஊர் சுற்றி வந்த பென் டிரைவைப் பொறுத்த வரையில் அது ஆபத்தான யோசனை.

இனி டிஸ்க்கின் உள்ளே பார்ப்போம். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் கணிப்பொறியில்தான் ஹார்டு டிஸ்க் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள்; கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஓரிரு படங்களிலேயே அவ்வளவு இடமும் நிரம்பிவிடும். அப்பொறியில் வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிக்கச் சராசரியாக 600 மில்லி செகண்ட் ஆயிற்று. இன்று 4 டெராபைட் டிஸ்க் சாதாரணமாகக் கிடைக்கிறது. கொள்ளளவு ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு பெருகியிருக்கிறது. ஆனால் தேடிப் பிடிக்கும் நேரமோ? நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி செகண்ட் ஆகும். சராசரியாக அரைச் சுற்றேனும் காத்திருக்க வேண்டும். படிக்கும் முனை உரிய வரிசைக்கு நகர்ந்து சேர இன்னும் 9 மில்லி செகண்ட் அளவில் ஆகிறது. ஆக, ஒரு பயணத்திற்கு 13 மில்லி செகண்ட். 600 எங்கே, 13 எங்கே என்று வியக்கலாம்; எனினும் இது 45 மடங்கு முன்னேற்றமே. பத்து லட்சம் மடங்கு பெருத்த களஞ்சியத்திற்கு 45 மடங்கே விரைந்து ஓடும் வேலையாள் ஒருவர். நம் தாமதத்தின் வேர் பெருமளவு இங்குதான் இருக்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சிறு கோப்பைப் படிக்க ஒரு பயணம், எழுத ஒன்று, அட்டவணையில் பதிய ஒன்று என மூன்று பயணங்கள் என்று கொள்வோம். 10,000 கோப்புகளுக்கு 30,000 பயணங்கள், ஆறரை நிமிடம். அவை ஒவ்வொன்றும் 4 கிலோபைட் அளவே உள்ளவையானால் மொத்தம் 40 மெகாபைட்தான். அதே 40 மெகாபைட் ஒரே கோப்பாக இருந்தால், செகண்டுக்கு 100 மெகாபைட் எழுதும் டிஸ்க்கில் அரை செகண்டில் வேலை முடிந்துவிடும். நினைவகத்தில் சேர்த்து வைத்து எழுதும் உத்திகளால் இவ்வித்தியாசம் நடைமுறையில் ஓரளவு குறையும், ஆனால் மறையாது.

"எங்கள் வீட்டில் சுழலும் தட்டே இல்லை, எஸ்.எஸ்.டி. அல்லவா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். பென் டிரைவுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் அடிப்படை ஃபிளாஷ் நினைவகமே. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் பொறியியலாளர் ஃபூஜியோ மசுவோகா 1980-களில் இதை வடிவமைத்தார். இதில் முனை நகர வேண்டியதில்லை. ஆகவே தேடும் நேரம் மிகக் குறைவு. ஆயினும் இதற்கும் ஒரு வினோதக் குணம் உண்டு. எழுதுவது சிறு சிறு பக்கங்களாக. அழிப்பதோ பல பக்கங்கள் அடங்கிய பெரும் கட்டாக. சிலேட்டில் ஒரு சொல்லை மாத்திரம் துடைக்க வழியில்லை. காக்க வேண்டியதை வேறு சிலேட்டில் எழுதிவிட்டுப் பழையதை முழுவதும் துடைத்தாக வேண்டும் என்பதைப் போன்றது அது. நல்ல எஸ்.எஸ்.டி.யில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு இவ்வேலையை ஓய்வு நேரத்தில் திறமையாகச் செய்துவிடும். மலிவான பென் டிரைவுக்கு அத்திறமை இல்லை. சில மலிவு எஸ்.எஸ்.டி.க்கள் முதலில் காற்றாய்ப் பறந்து, நடுவழியில் தளர்ந்துவிடுவதும் உண்டு. தரவை முதலில் விரைவாக எழுதக்கூடிய ஒரு சிறு பகுதியில் வாங்கி வைத்துக்கொள்கின்றன. அப்பகுதி நிரம்பியதும் உண்மையான வேகம் வெளிப்படுகிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகமே என்பதையும் வாங்கும்போது மனத்திற்கொள்க.

செருகும் துளையையும் பாருங்கள். 2000-ஆம் ஆண்டின் யு.எஸ்.பி. 2.0 செகண்டுக்கு 480 மெகாபிட் கடத்தவல்லது. எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட். எனவே அது 60 மெகாபைட். நடைமுறையில் 30, 40 கிடைத்தால் பெரிது. 2008-இல் வந்த யு.எஸ்.பி. 3.0 அதைப் போல் பத்து மடங்கு வேகமுடையது. பல கணிப்பொறிகளில் அத்துளையின் உட்புறம் நீல நிறமாயிருக்கும். புதிய டிஸ்க்கைப் பழைய துளையில் செருகிவிட்டு நொந்துகொள்பவர் பலர்.

இவ்விடத்தில் விண்டோஸ் விஸ்டாவின் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் மக்களிடம் வந்த விஸ்டாவைப் பற்றி எழுந்த முறையீடுகளுள் முதன்மையானவற்றுள் ஒன்று, நகல் எடுப்பதும் அழிப்பதும் மிக மெதுவாக நடக்கின்றன என்பதே. நேரம் கணக்கிடப்படுகிறது என்ற வாசகமே திரையில் நெடுநேரம் நின்றது. மைக்ரோசாஃப்ட் பொறியியலாளர் மார்க் ருசினோவிச் 2008 பிப்ரவரியில் இதன் காரணத்தை விரிவாக எழுதினார். முந்தைய விண்டோஸ் எக்ஸ்.பி., தரவை நினைவகத்தில் வாங்கிக்கொண்டவுடனேயே வேலை முடிந்ததாக அறிவித்து, அதன் பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் எழுதும். விஸ்டாவோ டிஸ்க்கில் உண்மையில் எழுதி முடித்த பின்னரே முடிந்தது என்று சொல்லும்படி அமைக்கப்பட்டது. சிறு கோப்புகளைப் பொறுத்தவரை, மெய் சொன்னவன் சோம்பேறி என்று பெயரெடுத்தான்! வேறு சில இடங்களில் விஸ்டாவின் முறை மெய்யாகவே மெதுவானதுதான். 2008-இல் வந்த முதல் திருத்தத் தொகுப்பில் நினைவகத்தின் வழியாக எழுதும் பழைய முறையே பெரும்பாலும் மீண்டது. இதற்கிடையில் கைவைத்தியங்களுக்கும் குறைவில்லை. ரிமோட் டிஃபரன்ஷியல் கம்ப்ரஷன் என்னும் வசதியை அணைத்துவிட்டால் வேகம் பிறக்கும் என்று ஒருவர் சொல்ல, ஆயிரம் பேர் அணைத்தனர். சாதாரணமாக நகல் எடுக்கும்போது அவ்வசதி பயன்படுத்தப்படுவதே இல்லை.

இக்கதையில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்றுண்டு. கோடு முழுவதும் ஓடி முடிந்தாலும் எழுத்து முடிந்திராமல் இருக்கலாம். லினக்ஸில் இது இன்றும் அடிக்கடி நிகழ்வது. கோடு நொடியில் ஓடிவிடும், பென் டிரைவைப் பாதுகாப்பாக அகற்றக் கேட்டால் பல நிமிடம் காக்க வைக்கும். விண்டோஸ் 10-இல் 2018 அக்டோபர் பதிப்பு முதல் பென் டிரைவுக்கு இச்சேர்த்து வைக்கும் முறை இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது. இருப்பினும் முறைப்படி அகற்றிய பிறகே உருவுவது நன்று.

அழித்தல் ஏன் தாமதமாகிறது? அழிப்பது என்றால் துடைப்பது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நூலகத்தில் அட்டையைக் கிழித்துவிட்டு நூலை அலமாரியிலேயே விட்டுவைப்பதைப் போன்றதே அது. குப்பைத் தொட்டிக்குச் செல்லும் கோப்பு அட்டவணையில் இடம் மாறுகிறதே தவிர, டிஸ்க்கில் அசைவதில்லை. அவ்வாறாயினும் 40,000 கோப்புகளுக்கு 40,000 வரிகளைத் திருத்தியாக வேண்டும். அதற்கும் முன்பாக அவை எத்தனை, எவ்வளவு என்று விண்டோஸ் எண்ணிப் பார்க்கிறது. ஷிஃப்ட் விசையுடன் டெலீட் விசையை அழுத்தினால் தொட்டிக்குச் செல்லாமல் அழியும். ஓரளவு நேரம் மிச்சமாகும், ஆனால் மனம் மாறினால் மீட்க முடியாது. பென் டிரைவிலிருந்து அழிப்பவற்றுக்கு விண்டோஸில் குப்பைத் தொட்டியே இல்லை என்பதைப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். தவறி அழித்துவிட்டால், அந்த டிஸ்க்கில் வேறெதையும் எழுதாமல் உடனே நிறுத்திவிட வேண்டும். சுழலும் டிஸ்க்கானால் மீட்பு நிரல்கள் பெரும்பாலும் கைகொடுக்கும். எஸ்.எஸ்.டி.யில், அழித்த இடங்களை டிரிம் என்னும் கட்டளை உடனுக்குடன் தெரிவித்துவிடுவதால், மீட்கும் வாய்ப்பு மிக அரிது.

எனவே நகல் எடுக்கும்போது கட் செய்து ஒட்டுவதை விட்டுவிடுங்கள். ஒரு டிஸ்க்கிலிருந்து வேறு டிஸ்க்குக்கு நகர்த்துவது என்பது நகல் எடுத்து அசலை அழிப்பதே. முதலில் நகல், பிறகு இரு பக்கத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, நகலிலிருந்து நாலைந்து படங்களைத் திறந்து பார்த்தல், அதன் பின்னரே அழித்தல். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஜிப் கோப்பு ஒன்றாகக் கட்டி அனுப்பினால் மெதுவான பென் டிரைவிலும் விரைவாகச் செல்லும். யூனிக்ஸ் உலகில் டார் என்னும் கட்டு முறை 1979-லேயே காந்த நாடாவுக்காக இப்படித்தான் வந்தது. படங்களும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஆகவே மேலும் சுருக்காமல் கட்ட மட்டும் செய்தால் போதும். பழைய எஃப்.ஏ.டி. 32 அமைப்புள்ள பென் டிரைவில் 4 ஜிகாபைட்டுக்குக் குறைந்த கோப்பே ஏறும் என்பதால் கட்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் விஸ்டா காலம் முதல் உடன் வரும் ரோபோகாபி என்னும் கட்டளையும் உண்டு. இடையில் தடைபட்டால் மீண்டும் தொடங்கும்போது, சென்று சேர்ந்தவற்றை விட்டுவிட்டு எஞ்சியதை மட்டும் எடுத்துச் செல்லும்.

நேற்று வரை விரைவாக நடந்த வேலை இன்று திடீரெனத் தளர்ந்து, ஒரே கோப்பில் வந்து வந்து நிற்கிறதா? டிஸ்க்கினுள்ளிருந்து டக், டக் என்ற ஓசை கேட்கிறதா? இது முற்றிலும் வேறு நோய். பழுதான இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதால் வரும் தாமதம் இது. இந்நிலையில் வேகத்தைக் கூட்டும் நிரல் எதையும் ஓட்டக் கூடாது. ஓசை இல்லையெனில், வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் நகல் எடுங்கள். திரைப்படங்களும் பாடல்களும் கடைசியில் வரட்டும். ஓசை கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தி, தரவு மீட்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுத்துவிடுங்கள். மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆவல் வேண்டாம். சுழலும் தட்டுக்கும் அதன் மேல் மிதக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி நம் தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தூசு உள்ளே விழுந்தாலும் தட்டு கீறப்பட்டுவிடும்.