ஆண்டுக்கு ஒரு நாள் நடப்போம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்திணைகளையும் நாங்கள் தலைகீழாக ஒப்பிப்போம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எழுதி முழு மதிப்பெண்ணும் பெறுவோம். ஆனால் மலையில் ஏறியும் மணலில் நடந்தும் அவற்றைக் கண்டவர்கள் எங்களில் எத்தனை பேர்?

ஆண்டுதோறும் பள்ளிச் சுற்றுலா உண்டு. பேருந்தில் பாட்டுப் பாடிச் சென்று, ஓர் அணையைப் பார்த்து, புளியோதரை உண்டு, இருட்டுமுன் திரும்புகிறோம். அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. எனினும், இடமறிந்த வழிகாட்டி ஒருவர் துணையோடு ஒரு பகல் முழுதும் நடந்து கற்கும் கல்விநடையும் ஆண்டுக்கு ஒருமுறை வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் வாழும் நமக்கு இதற்காக நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மேற்கே பொதிகை, கிழக்கே தேரி. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்கிறது. ஈரமிழந்த காற்று கணவாய்களின் வழியே கிழக்கே பாய்ந்து, மணலை அள்ளிக் குன்றுகளாகக் குவிக்கிறது. மணலின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடே அதன் செந்நிறத்துக்குக் காரணம். மலையும் தேரியும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள் அல்லவா?

தேரி, ராஜஸ்தானத்துத் தார் போன்ற பாலைவனம் அன்று. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, பள்ளமான ஓரங்களில் சுனையாக ஊறுகிறது. காயாமொழிக்கு அருகில் உள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் பெயரிலேயே அந்தச் சுனை இருக்கிறது. கற்கால மக்கள் பயன்படுத்திய சின்னஞ்சிறு கற்கருவிகளும் தேரிகளில் கிடைத்துள்ளன. பேருந்துச் சன்னலில் பார்ப்பவருக்கு அது வெறும் செம்மண். பனையேறும் பெரியவர் ஒருவரோடு நடப்பவருக்கோ அது ஒரு நூலகம்.

வழிகாட்டி என்பவர் வழியை மட்டும் காட்டுபவர் அல்லர். 1987-இல் அகத்தியமலைப் பகுதியில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள் நடந்து களைத்துப் போனார்கள். உடன் வந்த காணி இனத்தவர் மட்டும் ஒரு செடியின் காய்களைத் தின்று களைப்பின்றி நடந்தனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியின் களைப்பு நீக்கும் பயனை அறிவியல் உலகம் அறிந்துகொண்டது அவ்வாறுதான். பிற்காலத்தில் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து செய்யப்பட்டது. வருவாயில் ஒரு பங்கு காணி மக்களுக்கும் ஒதுக்கப்பட்டது. படித்தவர்கள், பள்ளி காணாதவர்களிடம் பாடம் கேட்ட அந்த நாள் எங்களுக்கும் ஒருமுறை வாய்க்க வேண்டாமா?

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் அறிவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் இளம்பெண்கள் பலர். அந்தச் செய்தியைக் கேட்ட எந்தத் தாய்க்கும் மகளை மலைக்கு அனுப்ப மனம் வராது. ஆனால் அத்துயரம் கற்பிக்கும் பாடம், பெண்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதா? புல் காய்ந்து கிடக்கும் கோடையில் காட்டுக்குள் போகலாகாது என்பதும், அனுமதியும் தக்க துணையும் இன்றி மலையேறலாகாது என்பதும் அன்றோ? அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024-இல் 40 வழித்தடங்களைத் திறந்து, காட்டை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி அளித்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. அச்சத்துக்கு மருந்து ஆயத்தமே.

2018-இல் இன்னொன்றும் நடந்தது. அகத்தியர்கூடத்தின் உச்சிக்கு ஏறப் பெண்களுக்கு இருந்த தடை செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்பவர் அம்முகட்டை அடைந்தார். கதவு திறந்துவிட்டது, நடக்கப் பழகுவது நம் பொறுப்பு.

நாங்கள் கேட்பது முகடுகளை அன்று. மார்கழி அல்லது தை மாதத்தில் ஒரு நாள். காலையில் புறப்பட்டு, வெயில் சாயுமுன் திரும்பும் எளிய நடை. வனத்துறையின் அனுமதி, உள்ளூர் வழிகாட்டி, இரு ஆசிரியைகள், முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு இரண்டு புட்டி தண்ணீர், தலைக்குத் துணி, காலுக்கு நல்ல செருப்பு, ஒரு குறிப்பேடு. மெல்ல நடப்பவள் முன்னே நடக்கட்டும். அவள் வேகமே அனைவரின் வேகமாக இருக்கட்டும். உடல்நலம் குன்றியவளை யாரும் வற்புறுத்த வேண்டாம். கொண்டு சென்ற குப்பை எங்களோடே திரும்பட்டும்.

அன்புள்ள அருட்சகோதரிகளே, அடுத்த ஆண்டின் நாட்காட்டியில் எங்களுக்காக ஒரு நாளைக் குறியுங்கள். பெற்றோர்களே, அனுமதிச் சீட்டில் கையொப்பமிடுமுன் எத்தனை கேள்விகள் வேண்டுமானாலும் கேளுங்கள், ஆனால் கையொப்பமிடுங்கள். தோழியரே, நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். கொடைக்கானல் மலைகளில் அது 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்கும். அன்று நம்மில் பலர் கல்லூரியிலோ பணியிலோ இருப்போம். அப்போது அதைக் காணப் போகும் கால்கள் இன்றே பழகட்டும்!