மீதி 80 சதவீதம் யாருக்கு?

டிவியில் ஒரு பொடிசு பாடினால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறோம். ஊரு விட்டு ஊரு வந்த நமக்கு அது ஒரு ஆறுதல். ஆனால் அந்தக் குழந்தை சம்பாதிக்கும் பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று யாராவது கேட்டோமா?

கே.பி.சுந்தராம்பாள் சின்ன வயதிலேயே மேடை ஏறியவர். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அப்போது அவர் வளர்ந்த பெண். தன் விலையைத் தானே சொல்ல முடிந்தது. எட்டு வயதுப் பிள்ளையால் முடியுமா?

1921-ல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் லட்சக்கணக்கில் டாலர் சம்பாதித்த பையன். பெரியவனாகிப் பார்த்தால், அம்மாவும் மாற்றாந்தகப்பனும் பெரும்பகுதியைக் கரைத்து விட்டார்கள். 1938-ல் கோர்ட்டுக்குப் போனார். அடுத்த வருடம் கலிபோர்னியாவில் சட்டமே வந்தது.

இந்தியாவில் 2017-ல் வந்த விதிப்படி, குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் 20 சதவீதமாவது தேசிய வங்கியில் அதன் பெயரில் டெபாசிட் ஆக வேண்டும். சரி, மீதி 80?

"பாட்டு வாத்தியார், டிரஸ், பயணச் செலவு" என்பார்கள். நியாயமான செலவைக் கழித்துக் கொள்ளுங்கள். மிச்சம் முழுக்கக் குழந்தைக்குத்தான். பேங்க்காரனாகச் சொல்கிறேன்: மைனர் கணக்கில் கார்டியன் காவல்காரர், முதலாளி இல்லை.

பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பையனின் பாட்டு வேஷம் போய்விடும். இன்றும் குரல் உடையத்தான் செய்கிறது. அன்றைக்கு அவன் கையில் கைதட்டல் மட்டும் இருந்தால் போதாது, பாஸ்புக்கும் இருக்கணும்.