தேங்காய் இல்லாத சுண்டல்

பிள்ளைகள் மரக்கறி உண்பதில்லை என்று குறைப்படுவோர், ஏறாவூர்ப் பாடசாலையொன்றில் உணவு பரிமாறும் வேளையில் சற்று நின்று பார்க்கட்டும். வாவிக்கரை ஊராதலால் அங்கே மீனுக்கு மட்டுந்தான் மவுசு என எண்ணிவிட வேண்டாம். முருங்கையிலைச் சுண்டலும் பூசணிக்காய்ப் பாலாணமும் இருந்தால் மறுமுறை கேட்கும் பிள்ளைகள் உண்டு.

இரண்டிலும் தேங்காய் இருக்கிறது என்பதே காரணம். பொடியாக அரிந்த இலையோடு தேங்காய்ப்பூச் சேரும்போது கசப்பு அடங்குகிறது. கீரையிலும் பூசணியிலும் உள்ள சத்து, விற்றமின் ஏ ஆக உடலிற் சேர்வதற்கும் சிறிது கொழுப்பு வேண்டும். உம்மம்மாமாரும் அம்மம்மாமாரும் விற்றமின் பேசாமலே இப்படித்தான் சமைத்தார்கள்.

2024 மார்ச்சில் அரச பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது, ஒரு சாப்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது 110 ரூபா. அவ்வாண்டின் இறுதியில் தேங்காயொன்றே 200 ரூபாவைத் தாண்டி விற்றது. சமைத்துக் கொடுக்கும் தாய்மார் என்ன செய்வார்கள்? முட்டையைக் குறைத்தால் எண்ணிப் பார்த்துக் கேட்பார்கள். தேங்காயைக் குறைத்தால் பிள்ளையின் நாவைத் தவிர வேறெவருக்கும் தெரியாது. வெறுமனே அவித்த கீரை தட்டிலேயே மிஞ்சும். பிறகு, பிள்ளைகள் மரக்கறி உண்பதில்லை என்று நாமே அறிக்கை எழுதுவோம்!

ஒதுக்கீட்டை வரவுசெலவுத் திட்டத்தில் ஒருமுறை எழுதிவிட்டு ஓராண்டு உறங்குவது முறையன்று. தேங்காய் விலையைப் பார்த்துப் பாடசாலைத் தவணைதோறும் அதைத் திருத்தவேண்டும். சமைப்பவர் கைக்குப் பணமும் காலத்திற் சேரவேண்டும். கடனுக்குத் தேங்காய் வாங்கி எத்தனை நாள்தான் சுண்டல் செய்வது?