ஆயாவின் சம்பளமும் வரியும்

கோடை விழா நாட்களில் ஏற்காடு ஏரிக்கரையில், பெற்றோர் படகுக்கு வரிசையில் நிற்க, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயாக்கள் வேடிக்கை காட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வாங்கும் சம்பளத்துக்கு வருமான வரி உண்டா? ரொக்கமாக வாங்கினாலும் சட்டப்படி அது வருமானம்தான். ஆனால் 2025-26 முதல் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000, பயப்பட ஒன்றுமில்லை. வருமான வரி இல்லாவிட்டாலும், சோப்புக்கும் செல்போனுக்கும் ஆயா ஜிஎஸ்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார், அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? கடன் கேட்டுப் போனால் மட்டும் வருமானச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்றுக்காகவாவது, வேலைக்கு வைத்திருப்பவர்கள் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடட்டும். 2007-இல் அமைந்த வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிய, சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பும் கொடுக்கட்டும்.