வீட்டுக்கு ஒரு பிரிண்டர் போதும்!

"ஏப்பா, இன்னொரு பிரிண்டர் வாங்கிருவோமா?" சென்ற முறை விடுமுறைக்கு வாடிப்பட்டி போனபோது அப்பா என்னிடம் கேட்ட கேள்வி இது. சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மகன் உடனே தலையாட்டுவான் என்று நினைத்திருப்பார். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். யு.எஸ்.பி. கேபிளில் அதனுடன் இணைந்த இங்க்ஜெட் பிரிண்டர். தங்கையிடம் ஒரு லேப்டாப். அப்பா டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருந்தால் தங்கை காத்திருக்க மாட்டாள். பைலை பிரவுசிங் சென்டருக்கு மெயில் அனுப்பிவிட்டு, போய் பிரிண்ட் எடுத்து வந்துவிடுவாள்.

ஒருநாள் அவளுடன் நானும் போனேன். அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் திரையில், முந்தைய மாதம் அவள் அனுப்பிய ஆதார் பைல் அப்படியே இருந்தது! பக்கத்தில் யார் யாருடைய பட்டாவோ, பாஸ்புக் பக்கங்களோ. கடைக்காரர் மீது தவறான எண்ணம் எனக்கு இல்லை. அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான். கேட்டவுடன் அழித்தார். மற்றவர்கள் பைலை யார் போய்க் கேட்பது?

பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதார் டவுன்லோட் செய்வதைத் தவிர்க்கவும், செய்தால் எல்லா நகல்களையும் நிரந்தரமாக அழிக்கவும் சொல்லி, ஆதார் ஆணையத்தின் அறிவிப்பு ஒன்று 2022 மே மாதம் வந்தது. தவறாகப் பொருள் கொள்ளப்படலாம் என்று மத்திய அரசு அதனை உடனே திரும்பப் பெற்றது. ஆனால் அந்த ஒரு அறிவுரை இன்றும் நல்ல அறிவுரைதான்.

அப்படியானால் இரண்டாவது பிரிண்டர் வாங்கலாமே என்பீர்கள். இங்க்ஜெட் பிரிண்டரை வாரக் கணக்கில் சும்மா வைத்தால் மை முனைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளும். குறைவாக அச்சிடும் வீட்டில் இரண்டு பிரிண்டர் இருந்தால் இரண்டுமே காயும். ஒன்றையே எல்லோரும் பயன்படுத்தினால் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

சொல்லப் போனால், நெட்வொர்க் வளர்ந்ததே பிரிண்டரைப் பங்கு போட்டுத்தான். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் 1973-ல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை வடிவமைத்தபோது, பல கம்ப்யூட்டர்களை ஒரே லேசர் பிரிண்டருடன் இணைப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

நம் மதுரை மாவட்டத்திலும் பங்கு போட்ட அனுபவம் உண்டு. 2001-ல் தொடங்கிய 'சாரி' திட்டத்தில், சென்னை ஐ.ஐ.டி. குழு உருவாக்கிய கார்டெக்ட் வயர்லெஸ் இணைப்பு மூலம் மேலூர் பகுதிக் கிராமங்களில் இணைய மையங்கள் வந்தன. அன்று ஊரே ஒரு மையத்தை நம்பியிருந்தது, வேறு வழியில்லை. இன்று பிராட்பேண்ட் வாங்கும்போதே ரௌட்டரும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பாதி நெட்வொர்க் தயார்!

மீதியை நீங்கள் செய்திடுங்கள். இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரே ரௌட்டரில் இணைத்து, நெட்வொர்க்கை 'பிரைவேட்' என அமைத்து, 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்'கை ஆன் செய்திடுங்கள். பிரிண்டர் உள்ள கம்ப்யூட்டரில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ் திறந்து, ஷேரிங் டேபில் 'ஷேர் திஸ் பிரிண்டர்' என்பதை டிக் செய்து ஒரு பெயர் கொடுங்கள். அடுத்த கம்ப்யூட்டரின் ஃபைல் எக்ஸ்புளோரரில், முதல் கம்ப்யூட்டரின் பெயருக்கு முன் இரண்டு பேக் ஸ்லாஷ் (\\) இட்டு என்டர் தட்டினால் பிரிண்டர் தெரியும். டபுள் கிளிக் செய்தால் இணைந்துவிடும். யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்டால் முதல் கம்ப்யூட்டருடையதைக் கொடுங்கள். பின் எண் இங்கே செல்லாது. பாஸ்வேர்டே வைக்காதவர்கள் முதலில் ஒன்றை அமைத்திடுங்கள்.

இதில் ஒரு குறை உண்டு. முதல் கம்ப்யூட்டர் ஆனில் இருந்தால்தான் அச்சாகும். எனவே இனிமேல்தான் பிரிண்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால், ரௌட்டருடன் நேரடியாக இணையும் வை-ஃபை பிரிண்டரையே கேட்டு வாங்குங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது? ரௌட்டரை யு.பி.எஸ்.ஸில் இணைக்கலாம். லேசர் பிரிண்டரை மட்டும் இணைக்காதீர்கள். சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தை வீட்டு யு.பி.எஸ். தாங்காது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2021 ஜூலையில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற ஓட்டை விண்டோஸின் அச்சுப் பகுதியில் தெரியவந்து, மைக்ரோசாப்ட் அவசரமாகத் தீர்வு வெளியிட்டது. அப்டேட் செய்யாத கம்ப்யூட்டரில் பிரிண்டரை ஷேர் செய்திட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வை-ஃபை பாஸ்வேர்டை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கொடுக்காதீர்கள்.

அன்று மாலையே எங்கள் வீட்டில் இதை அமைத்தேன். செலவு எதுவும் இல்லை. இப்போது தங்கை மாடியில் லேப்டாப்பில் கட்டளை கொடுக்கிறாள். ஹாலில் பேப்பர் வருகிறது. எங்கள் ஆதாரும் பட்டாவும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. நீங்களும் முயற்சி செய்து பாருங்களேன்!