தைத்த சிராயை இழுக்காதீர்கள்



கவ்வாத்து மலையில் கத்தி விழும்போது காய்ந்த வாது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று எவ்வளவு கைதேர்ந்த ஆளாலும் சொல்ல முடியாது. மானாப்புல் வெட்டும் மெஷின் ஓடும் இடத்தில் கல்லும் சேர்ந்து பறக்கிறது. கையில் வெட்டுப்பட்டால் டிஸ்பென்சரிக்கு ஓடும் நாம், கண்ணில் பட்டால் கசக்கிவிட்டு, பேர் முடியட்டும் என்று நிற்கிறோம்.

கண்ணிலோ இமையிலோ சிராய் குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது. காயத்தை அடைத்துக்கொண்டிருப்பது சில வேளை அந்தச் சிராயேதான். கழுவவும் வேண்டாம், வெறும் தூசி விழுந்தால் கழுவலாம், அது வேறு. பேப்பர் கப் ஒன்றைக் கவிழ்த்து, விளிம்பு நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் படும்படி ஒட்டுங்கள். கண்ணை அழுத்திக் கட்டாதீர்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல், 1990 அம்புலன்ஸை அழைத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அதற்குக் காசில்லை.

டொக்டரிடம் "தேயிலை வாது குத்தியது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மரத்துண்டு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. வெளியே கடுகளவு காயம் இருக்கும், உள்ளே ஒரு துண்டு தங்கியிருக்கும். செடிகொடியால் பட்ட காயத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். தாய்ப்பால் விடுவதும், யாருக்கோ கொடுத்த சொட்டு மருந்தை வாங்கி விடுவதும் அதை இன்னும் மோசமாக்கும். நம் லயங்களில் இந்த இரண்டும் இன்றும் நடக்கின்றன.

மற்றக் கண் இருக்கிறதே என்றும் இருக்க முடியாது. பார்வையற்றோருக்கு எழுத்துமுறை தந்த லூயி பிரெய்லுக்கு மூன்று வயதில், தகப்பனின் பட்டறையில், கருவி குத்தியது ஒரு கண்ணில்தான். பார்வை போனது இரண்டிலும்.

வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு தரச் சொல்லும் சட்டம் 1934ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஆனால் அன்றைக்கே விபத்து எழுதப்படாவிட்டால், "வீட்டில் விறகு வெட்டும்போது பட்டது" என்று சொல்லிவிடுவது நிர்வாகத்துக்குச் சுலபம். ஆகவே ஆளை அனுப்பிய கையோடு தோட்டத் தலைவர் ஆபீசுக்குப் போய், நேரம், மலை நம்பர், பார்த்தவர் பெயர் எல்லாவற்றையும் பதிவு செய்விக்க வேண்டும்.

கத்தி கொடுக்கிற தோட்டம் கண்ணுக்குக் கண்ணாடியும் கொடுக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. ஒரு கண்ணாடியின் விலை என்ன, துரைமாருக்குத் தெரியாததா? அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும் தலைவர்கள், மாதர் தலைவிமார், உங்கள் தோட்டத்தில் கவ்வாத்து ஆட்கள் எத்தனை பேர், கண்ணாடி எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள்.